ஞாயிற்றுக்கிழமை தேதியிட்ட பச்சை அட்டைகள்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சின்னவளும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்கிறாய், ஆனால் மூன்று வாரமாக நீ பேசும்போது பக்கத்தில் யாரோ இருமுகிறார்கள். அது நீதான் என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் போனாயா இல்லையா என்று உண்மையை எழுது. அம்மா முழங்கால் வலி போயே போச்சு என்கிறாள், நான் பார்க்காதபோது மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறாள். இந்த வீட்டில் யாரும் எனக்கு உள்ளதைச் சொல்வதில்லை. போனில் பேசினால் சின்னவள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வாள், அதனால்தான் இதைக் கடிதமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அவள் பள்ளிக்கூடத்தில் நன்னடத்தைத் திட்டம் நடப்பது உனக்குத் தெரியும். பிள்ளை ஏதாவது நல்லது செய்தால் டீச்சர் ஒரு பச்சை அட்டையில் பெயர், காரணம், தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். தப்பு செய்தால் அடியும் கிடையாது, வெயிலில் நிற்க வைப்பதும் கிடையாது, நடந்ததை மஞ்சள் படிவத்தில் எழுதித் தலைமையாசிரியைக்கு அனுப்ப வேண்டும், அவர் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு தடவை வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டு அம்மாள் வந்து இரண்டு நாள் பார்த்து மதிப்பெண் போடுகிறார், நூற்றுக்கு எண்பது வந்தால் தேறியது. கூடவே பெற்றோரில் ஒருவர் சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இந்த வருஷம் என்னைக் கூப்பிட்டார்கள். உங்களுக்குத்தான் பஸ்ஸில் செக்கிங் அனுபவம் இருக்கிறதே என்று தலைமையாசிரியை வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். முப்பது வருஷத்தில் என்னைப் பார்த்துச் சிரித்த பயணிகளில் பாதிப்பேரிடம் டிக்கெட் இருந்ததில்லை, எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது.

முதல் நாள் போனேன். மரியாதை, பொறுப்பு, பாதுகாப்பு என்று மூன்று விதிகள், சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்தார்கள். கழிவறைப் பக்கம் இருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தேன், பசை இன்னும் காயவில்லை. அந்த அம்மாள் வராந்தாவில் போகிற பிள்ளைகளில் பத்துப் பேரை நிறுத்தி விதிகள் என்னென்ன என்று கேட்டார், பத்துப் பேரும் ஒரே ராகத்தில் ஒப்பித்தார்கள், எட்டாவது பிள்ளை கேள்வி கேட்பதற்கு முன்பே பதிலைச் சொல்லி முடித்துவிட்டது. மஞ்சள் படிவக் கோப்பைக் கேட்டால் போன வருஷம் மாதத்துக்கு நாற்பது, இந்த மூன்று மாதமாக ஒன்றுகூட இல்லை. முந்நூற்றைம்பது பிள்ளைகள் மூன்று மாதமாக ஒருவரையொருவர் கிள்ளவில்லையாம்! நம் வீட்டில் இருப்பது மூன்று பேர், ஒரு நாள் அப்படிப் போனதுண்டா? திட்டம் அருமையாக வேலை செய்கிறது என்றார் தலைமையாசிரியை. நான் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் பின்பக்கம் போனேன். விளையாட்டுச் சாமான் வைக்கிற அறையில் பந்து மூட்டைகளுக்கு நடுவே ஒன்பது நாற்காலிகள் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தன. உட்கார்கிற இடத்தைத் தொட்டுப் பார்த்தேன், நாலு நாற்காலி சூடாக இருந்தது. விளையாட்டு வாத்தியாரைக் கேட்டால் அவர் காலணியைப் பார்த்துக்கொண்டே, அது பிள்ளைங்க அமைதியா யோசிக்கிற எடம் சார் என்றார். யார் அனுப்பினார்கள், எதற்கு, எவ்வளவு நேரம் என்று எங்கேயும் எழுத்தில் இல்லை. எழுதினால்தானே மஞ்சள் படிவம்!

நாற்காலியை மட்டும் காட்டினால் சும்மா கிடந்தது என்று சொல்லிவிடுவார்கள், கையில் ஒரு அத்தாட்சி வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அன்று சாயங்காலம் சின்னவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் பச்சை அட்டைகள் வைத்திருக்கிற தகர டப்பாவைத் திறந்தேன். வீட்டுக்குள்ளயுமா செக்கிங், அந்தப் புள்ள பெட்டியைத் தொடாதீங்க என்று அம்மா சொல்லிப் பார்த்தாள், நான் கேட்கவில்லை. எழுபத்தொரு அட்டைகள். தேதியை நாட்காட்டியோடு ஒப்பிட்டால் பதினொன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஏது பள்ளிக்கூடம்? மதிப்பீட்டுக்கு எண்ணிக்கை காட்ட வேண்டும் என்று டீச்சர்கள் உட்கார்ந்த இடத்தில் கட்டுக்கட்டாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள், வசமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை மதிப்பீட்டு அம்மாள் வகுப்பில் இருந்த நேரமாகப் பார்த்து, தலைமையாசிரியை மேசைமேல் பதினொன்றையும் வரிசையாகப் பரப்பி வைத்து, இதுக்கு என்ன சொல்றீங்க என்று கேட்டேன். பத்து அட்டையில் கையெழுத்து கணக்கு டீச்சருடையது, அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, இது எதுவும் நான் போட்ட கையெழுத்து இல்லைங்க, உங்க பொண்ணு கையெழுத்து உங்களுக்குத் தெரியலையா என்றார்.

மகளே, தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தினமும் வீட்டுப்பாடத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன், அந்த எழுத்து எனக்குத் தெரியாதா? தேதியைப் பார்த்தேன், எண்ணிக்கையைப் பார்த்தேன், எழுதின கையை மட்டும் பார்க்கவில்லை. அவமானத்தோடு பதினொன்றையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கணக்கு டீச்சர் வெளியே போன பிறகு தலைமையாசிரியை கதவைச் சாத்தினார். சின்னப் பொண்ணு, விட்டுடலாம், இதை நாங்க எங்கயும் எழுதப் போறதில்ல, நீங்களும் அந்தப் பின்பக்கத்து ரூமைப் பெருசு பண்ண வேணாமே என்றார், அவ்வளவு அன்பாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன், அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அறிக்கையில் நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

மதியம் சின்னவளை வகுப்பிலிருந்து அழைத்துவந்து வேப்ப மரத்தடியில் உட்கார வைத்துக் கேட்டேன். அழவில்லை. வெற்று அட்டைக் கட்டை வகுப்புக்கு எடுத்துப் போவது அவள் வேலை, அதிலிருந்து எடுத்திருக்கிறாள். எழுபத்தொன்றில் இருபத்து மூன்று நிஜம், அதில் ஒவ்வொன்றும் எதற்குக் கிடைத்தது என்று வரிசையாகச் சொன்னாள், வாந்தி எடுத்த பிள்ளைக்குச் சட்டையைக் கழுவிக் கொடுத்ததற்கு ஒன்று, அதை நம்மிடம் சொல்லவே இல்லை பார். மற்ற நாற்பத்தெட்டும் ஏன் என்றதற்கு, நூறு அட்டை சேர்த்தா லீவுக்கு ஒரு மாசம் வர்றேன்னு அக்கா சொன்னா என்றாள். நீ அப்படிச் சொன்னது எனக்கு இதுவரை தெரியாது. நான் நாற்காலியைப் பற்றியும் எழுதப் போகிறேன், உன்னைப் பற்றியும் எழுத வேண்டிவரும் என்றேன். அவளே நாலு தரம் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாளாம். எழுதுங்கப்பா, அக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்க என்றாள். சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

அறிக்கையில் முதல் வரியே, பொய் அட்டை எழுதியது என் மகள், அவளுக்கு மஞ்சள் படிவம் எழுதப்பட வேண்டும் என்பதுதான். பிறகு ஒன்பது நாற்காலி. அந்த அம்மாள் நேரே போய்ப் பார்த்துவிட்டு வந்து மதிப்பெண் போட்டார், அறுபத்து நாலு, பள்ளிக்கூடம் தேறவில்லை. மூன்று மாதத்தில் எழுதின முதல் மஞ்சள் படிவம் நம் வீட்டுப் பெண்ணுடையது. தலைமையாசிரியை இப்போது என்னைப் பார்த்தால் சிரிப்பதில்லை. பள்ளி வாசலில் மற்ற பெற்றோர் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். பெத்த புள்ளைய ஊருக்குக் காட்டிக் கொடுத்தீங்களே என்று அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள் என்று சின்னவள் சொல்கிறாள், வேறு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு இருபது இருபத்தைந்து அட்டைக்குமேல் கிடைக்காது என்று அவள் உன்னிடமே ஒருமுறை போனில் சொல்லியிருக்கிறாளாம். தெரிந்துதான் நூறு என்றாயா? போன லீவுக்கும் வரவில்லை, அதற்கு முந்தியதற்கும் வரவில்லை. உனக்கு வர மனமில்லையா, அங்கே ஏதாவது சிக்கலா, இல்லை எங்களிடம் சொல்ல முடியாத வேறு எதுவுமா? என்னவாக இருந்தாலும் நான் தாங்கிக்கொள்வேன். அவள் நேற்று சாயங்காலம் நிஜ அட்டைகளை மட்டும் பிரித்து எண்ணி என் முன்னால் வைத்துவிட்டு, நூறுக்கு ஒரு மாசம்னா இருபத்து மூணுக்கு ஒரு வாரமாவது வருவாளாப்பா என்று கேட்டாள். நீயே பதில் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள், இருமலோடு குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. நீ எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக இருக்க அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது இந்த வாரம் எத்தனை அட்டை என்று அவளிடம் கேட்காதே, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
எப்போதும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா