பன்னிரண்டரை மணிச் சாப்பாடு

1974 ஜூன் 3, திங்கள். எலப்புள்ளி

நாற்றுப் பிடுங்க ஆட்கள் வந்திருந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் நான் டவுனுக்கு பஸ் ஏறியது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. மாதக்கணக்காகத் தாகம். காலில் ஆறாத புண். போகாமல் என்ன செய்ய?

சர்க்கரை என்றார் மலையாளி டாக்டர் செபாஸ்டின். சோறு பாதியாகக் குறைய வேண்டும். கீரை, பாகற்காய், தட்டைப்பயறு நிறைய வேண்டும். சாயங்காலம் நடக்க வேண்டும். மத்தியானம் ஒரு குளிகை மாத்திரை. "குளிகை கழிச்சு அரை மணிக்கூரில சாப்பிடணும். ஆருக்கும் காத்திருக்கக் கூடாது, கேட்டோ?"

ஆருக்கும் என்று அவர் சொன்னபோது, வீட்டில் நான் தினம் காத்திருக்கும் ஆளை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

வந்து நங்கையாவிடம் சொன்னேன். நங்கையா என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா, மயிலாத்தாள். புருஷன் போனபின் தம்பி வீட்டுக்கு வந்தவள். அன்றுமுதல் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான். "படிச்சவளுக்கு நோவும் படிச்ச நோவாத்தான் வருது" என்றாள்.

ஜூன் 5

வீட்டுக்காரர் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் நான் உட்கார வேண்டும். அதில் அவர் விட்டுவைப்பது என் பங்கு. எனக்கும் பிறகு நங்கையா, சட்டியில் ஒட்டியிருப்பதோடு. கல்யாணமாகி வந்த நாள் முதல் இதுதான் வரிசை. கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருந்து பி.ஏ. படித்தவள், மணியடித்ததும் தட்டோடு ஓடியவள், இதற்கு எப்படிச் சம்மதித்தேன்? யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

இன்று பன்னிரண்டு மணிக்குக் குளிகையை விழுங்கினேன். தாலுகா ஆபீசுக்குப் போனவர் திரும்ப மூன்றாகிவிட்டது. கீரையும் பயறும் அடுப்பில் ஆறிக்கொண்டிருந்தன. நான் அவற்றுக்குக் காவல். முதலில் கை நடுங்கியது. பிறகு முதுகெல்லாம் வேர்த்தது. அப்புறம் சுவரே அசைந்தது. இப்படியானால் உடனே இனிப்பை வாயில் போடச் சொல்லியிருந்தார் டாக்டர். தவழ்ந்துபோய் வெல்லப் பானைக்குள் கையை விட்டேன். நிமிர்ந்தால் நிலைப்படியில் நங்கையா.

"பாரு, பாரு! சக்கர நோவுக்காரி வெல்லந் திங்கறதெ!"

வாய் நிறைய வெல்லம். மென்று விழுங்கினேன்.

ஜூன் 6

"ஏம்புள்ள, வெல்லந் திருடித் திங்கறயாமா?" களத்தில், வேலையாட்கள் முன்னால் அவர் கேட்டார். அவர்களும் சிரித்தார்கள். நேற்று நான் விழுந்து கிடந்திருந்தாலும் கையிலிருந்த வெல்லத்தைத்தான் பார்த்திருப்பார்கள்.

ஜூன் 8

குளிகையே வேண்டாமென்று விட்டுப் பார்த்தேன். தாகம் திரும்பிவிட்டது. ஆக, குளிகை வேண்டும். குளிகை வேண்டுமென்றால் நேரத்துக்குச் சோறு வேண்டும். இவ்வளவுதானே கணக்கு? இது ஏன் இந்த வீட்டில் யாருக்கும் புரியவில்லை?

சாயங்காலம் வாய்க்கால் மேட்டில் நடந்தேன். தலையில் புல்லுக்கட்டு இல்லை, இடுப்பில் குடம் இல்லை. பக்கத்துத் தோட்டத்து ராசம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க்கா, கன்னுக்குட்டி ஓடிப்போச்சுங்களா?" என்று கூவினாள். நாளைக்கும் நடப்பேன். நாளைக்கும் கூவட்டும்.

ஜூன் 11

சாப்பிட்டுவிட்டேன்.

பன்னிரண்டுக்குக் குளிகை. பன்னிரண்டரைக்கு என் வட்டிலைக் கழுவி எடுத்தேன். ஒரு அகப்பைச் சோறு, நிறையக் கீரை, பயறு. ஆவி முகத்தில் அடித்தது. நாக்குச் சுட்டது. கீரை சூடாக இருந்தால் இப்படி ஒரு ருசி என்பதே மறந்து போயிருக்கிறது. வருஷக்கணக்காக இந்த அடுப்பில் நான் ஆக்கியதைச் சூடாக நான் தின்றதேயில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகை இல்லை, கோபம்.

மூன்று மணிக்கு வந்தார். அவர் கைகழுவும் முன்பே நங்கையா சொல்லிவிட்டாள்.

"எனக்கு முன்னால உண்டுபோட்டு உக்காந்திருக்கறயே, நாஞ் செத்தா போயிட்டேன்?"

"நீங்க இருக்கோணுமுங்க. நானும் இருக்கோணுமில்லீங்களா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு குப்பண்ணனின் சாயாக்கடைக்குப் போய்விட்டார்.

"ஆம்பள பட்டினியாப் போறான். உனக்கு எப்புடி எறங்குச்சு?" என்றாள் நங்கையா.

"எறங்கிருச்சுங்க" என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

நடவு முடிந்ததற்காக நங்கையா வெல்லப் பூரணம் வைத்து ஒப்பிட்டு சுட்டாள். அவர் சாப்பிட்டு எழும்போது இலையில் மூன்று ஒப்பிட்டை அடுக்கி, நெய்யையும் ஊற்றிவிட்டு, என்னைப் பார்த்தார்.

"வெல்லம் வெல்லம்னு பறந்தயே. தின்னு."

நான் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தேன். அது அவருக்கும் தெரியும். இலையை மடித்தேன். தொழுவத்துக்குக் கொண்டுபோய் எருமையின் முன்னால் போட்டேன். அவர் கையில் செம்போடு நின்று பார்த்தார். எருமை நெய்யை மட்டும் முதலில் நக்கியது.

ஜூன் 17

எருமையைத் தவிர யாரும் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

ஜூன் 25

நான் உடம்புக்காகச் சாப்பிடுகிறேனா, இவர்களை ஜெயிப்பதற்காகச் சாப்பிடுகிறேனா? கோபத்தோடு தின்பது உடம்பில் ஒட்டுமா?

ஒட்டுகிறது. கால் புண் காய்ந்துவிட்டது. படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. அவர் ஒரு வாரமாக நங்கையா பரிமாறித்தான் சாப்பிடுகிறார். இலையைத் துடைத்தாற்போல் தின்றுவிட்டு எழுகிறார். எனக்கு எதுவும் விடக்கூடாதாம். இதைத் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்!

ஒன்றை இப்போதுதான் கவனித்தேன். அவர் மூன்றுக்கு வந்தால் நங்கையா சாப்பிட நாலாகிறது. பானையைச் சுரண்டும் சத்தம் கேட்கிறது. இத்தனை நாளும் அந்த நேரத்தில் நான் தூங்கியிருக்கிறேன்.

ஜூலை 3

பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தேன். வழக்கம்போல் வசை ஆரம்பமானது. "நேரந் தவறாம கொட்டிக்க ஒரு சென்மம்..." திட்டிக்கொண்டே தன் வட்டிலை எடுத்தாள். திட்டிக்கொண்டே சோறு போட்டாள். சுவரைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"என்ன பாக்கறெ? எனக்கு வகுறு காயுது. உன்னாட்ட நோவுன்னு நெனச்சுக்காதெ."

கீரைச் சட்டியை அவள் பக்கம் தள்ளினேன். வேண்டாமென்று திருப்பித் தள்ளினாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே இழுத்துக்கொண்டாள்.

ஜூலை 9

துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல்: "அம்மிணி! மணி பன்னண்டாச்சு. அந்த எழவு குளிகைய முழுங்கித் தொலை. உன்னால நாங் காய முடியாது."

மூன்றுக்கு அவர் வந்தார். முன்கட்டு ஆசாரத்தில் உட்கார்ந்து இலைக்காகக் காத்திருந்தார். நான் எழவில்லை. நங்கையா பாயில் புரண்டு படுத்தாள்.

"அடுப்புமேல மூடி வெச்சிருக்குது தம்பி. கையி இருக்குதல்ல, போட்டுக்க."

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். பிறகு வட்டிலை எடுக்கும் சத்தம்.