மதினி பக்கத்துக் கசிவு

மார்ச் 4, 2025 – செவ்வாய்
பைப் பதித்து முடிந்தது. போர்வெல்லிலிருந்து கடைசி வயல் வரை, மண்ணுக்கடியில் இரண்டடி ஆழத்தில் நாலு அங்குலக் குழாய். மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடிப் பார்த்தேன். எனக்கு முன்னால் தண்ணீர் போய் நிற்கிறது! மண் வாய்க்காலில் ஒரு மணி நேரம் ஊரும், பாதியைச் செம்மண் குடித்துவிடும். வாய்க்காலை இன்றே தூர்த்தாயிற்று. தன் வரப்போரம் பள்ளம் தோண்டியதற்கு அழகி மதினி மறுபேச்சு பேசவில்லை. அண்ணன் இருந்திருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பான். மதினி வேலையாட்களுக்குக் கூழ் கரைத்துக் கொடுத்தது.

மார்ச் 27 – வியாழன்
கரண்ட் இருக்கும்போதே கடைசி வயல் கடலைக்கும் பாய்ந்துவிட்டது. கெட்டிக்காரன்டா நீ!

ஏப்ரல் 6 – ஞாயிறு
மதினியின் கத்தரி வாடிக் கிடக்கிறது. வெயில்தான் என்றேன். என் வீட்டுக்காரி பாண்டீஸ்வரி சோற்றைப் போட்டுக்கொண்டே, "வெயிலு போன வருசமுந்தான் அடிச்சுச்சு. நம்ம வாய்க்கா கசிஞ்சுதானே அந்தத் தோட்டம் வெளஞ்சுச்சு? ஒங்களுக்குத் தெரியாதாக்கும்!" என்றாள்.

தெரியாது. சத்தியமாகத் தெரியாது – தெரியாதா? பாகம் பிரித்ததில் போர் என் பங்குக்கு வந்தது. வாய்க்கால் அவர்கள் நிலத்தோரம் போகும், கசிவது அவர்களுக்கு. யாரும் பேசி வைக்கவில்லை, எழுதவும் இல்லை. பதினெட்டு வருசமாக அப்படித்தான்.

ஏப்ரல் 19 – சனி
வாயைத் திறந்து கேட்கட்டுமே! இல்லை என்றா சொல்லப்போகிறேன்? கேட்காமல் இருப்பதுதான் ஆத்திரமாக வருகிறது. இன்று மதினி எதிரே வந்தது. "சாப்ட்டீகளா?" என்றது, அவ்வளவுதான்.

மே 2 – வெள்ளி
மதினி கத்தரியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டது.

மே 11 – ஞாயிறு
தாங்க முடியாமல் மதினி வீட்டுக்கே போனேன். "மதினி, ஒங்க வரப்புல ஒரு வால்வு வச்சுத் தாரேன். வேணுங்கிறப்பத் தெறந்துக்கங்க."

"வேணாம் கொழுந்தனாரே. கசிஞ்ச வரைக்கும் யாருகிட்டயும் கேக்கல. இனி ஒவ்வொரு தண்ணிக்கும் ஒங்க மொகத்தப் பாக்கணும்ல."

கத்தியிருந்தால்கூடத் தேவலை. "கோவிச்சுக்கிடாதீக" என்று வேறு சொன்னது. அசிங்கமாக இருக்கிறது எனக்கு.

மே 13 – செவ்வாய்
கேட்காமலே வால்வு வைத்துவிட்டேன்.

ஜூன் 11 – புதன்
காரைக்குடி டவுன் பஸ்ஸில் மதினி. பழைய செட்டியார் வீடு ஒன்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள், அங்கே துணி துவைக்கிற வேலையாம். நான் நின்றுகொண்டிருந்தேன்; என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டது. அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 24 – ஞாயிறு
அந்த வால்வை இதுவரை யாரும் தொடவில்லை. இன்று நானே போய்த் திறந்தேன். பாத்தி முழுக்கச் சீமைக்கருவேல் கன்று. தண்ணீர் அதற்குள் ஓடியது.

"அங்குட்டு யாருக்குப் பாச்சுறீக?" என்று வரப்பிலிருந்து கத்தினாள் பாண்டீஸ்வரி.

கரண்ட் நிற்கும்வரை நான் அடைக்கவில்லை.