செவ்வாய்க்கிழமைக் குரல்

அஷ்ரஃபிய்யா, அம்மான்
செவ்வாய், பிற்பகல்

அன்பு மகன் சனத்துக்கு, உம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ஜுமானா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் இருவரும் நடமாட்டமாக இருக்கிறோம், அந்த ஊர்க் குளிரும் மழையும் உன் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதுதான் இங்கே கவலை. போனில் பேசக் கூடாதா என்பாய். போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுகிறாயாம், கடிதத்தை யாரும் நடுவில் வைக்க முடியாதாம், உம்மா சொல்கிறாள். நீ அனுப்பிய தாளை எப்படியும் உறையில் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும், அதோடு இதுவும் வரட்டும் என்கிறாள். அவள் வலது கையில் கட்டு இருக்கிறது, பயப்படாதே, மக்தூஸ் ஊறுகாய் போடக் கத்தரிக்காய் வேகவைத்த நீர் தெறித்துவிட்டது, ஆறி வருகிறது. உனக்கென்று இரண்டு ஜாடி எடுத்து வைத்தாயிற்று, யார் அந்தப் பக்கம் வந்தாலும் கொடுத்து அனுப்புவாள்.

உம்மா தேநீர் போடப் போயிருக்கிறாள் அண்ணா, அதற்குள் என் பங்கை எழுதிவிடுகிறேன். எல்லோருக்கும் முன்னால் நான் கவனித்தது ஒரு மூச்சைத்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் போர்வை அலமாரிக்குள் என்னை உட்கார வைத்து, தண்ணீர் வந்ததைப் போனில் சொல்லும் உன் ‘வந்தாச்சு’வுக்காக நீ பதிவு செய்தாயே, அதில் பேசத் தொடங்கும் முன் நான் எச்சில் விழுங்கி மூச்சு இழுக்கும் சத்தம் இருக்கும். வெட்டிவிடு என்று கெஞ்சினேன், அது இருந்தால்தான் மனுஷி பேசுவது மாதிரி இருக்கு என்று நீ விட்டுவிட்டாய். ‘வந்தாச்சு’வை விற்றுவிட்டு நீ டப்ளின் போன மூன்றாவது செவ்வாய்க்கிழமை போன் அடித்தது, எடுத்தேன். தண்ணி வந்தாச்சு, தொட்டியத் தொறங்க என்று என் குரல்தான் சொன்னது, ஆனால் மூச்சு இல்லை. அதை வாங்கிய கம்பெனிக்காரர்கள் என் பழைய பதிவுகளைக் கொடுத்து இயந்திரத்தைப் பேச வைத்திருக்கிறார்கள் என்று நீ பிறகுதான் சொன்னாய். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இந்தத் தெருவில் யாருக்கும் அது என் குரல் என்று தெரியாது, உனக்கே தெரியும். வகுப்பில் எழுந்து பெயர் சொல்லத் தொண்டை அடைத்து ஒன்பதாவதோடு நின்றவள் நான், என்னை யார் நினைப்பார்கள். எதிர் மாடி உம்மு ஷாஹிர் போன வருடம் நம் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, அந்தப் போன்காரப் பொண்ணு யாரு பெத்த புள்ளையோ, என்ன இனிமை, எங்க ஷாஹிருக்குக் கேக்கலாம்னு இருந்தேன், இங்கயும் ஒண்ணு இருக்கே வாயில பசை போட்ட மாதிரி என்று என்னைக் காட்டிச் சிரித்தாள். அப்புறம் ஷாஹிருக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது. அன்று உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடிப்போய்ச் சிரித்தாள்.

உம்மா வந்துவிட்டாள். இனி அவள் சொல்வது. நீ ஏன் அந்த ‘வந்தாச்சு’வைச் செய்தாய் என்று மறந்துவிட்டாயா என்று கேட்கச் சொல்கிறாள். வாரத்துக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர், காலையா மதியமா யாருக்கும் தெரியாது, வாப்பா மௌத்தான வருடம் உம்மா கண்ணயர்ந்த நேரத்தில் வந்து போய்விட்டது, ஒரு வாரம் குடத்தோடு ஒவ்வொரு வாசலாக நின்றாள். அந்தக் கோபத்தில்தான் நீ உட்கார்ந்தாய். தண்ணீர் வந்த வீட்டார் பொத்தானை அழுத்தினால் அந்த வரிசை முழுக்கப் போன் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் உன் யோசனை. ஆனால் இது மலை, அடிவாரத்தில் வந்த தண்ணீர் மேலே ஏற முக்கால் மணி நேரம் ஆகும், அதனால் பாதி வழியில் இருக்கும் படிக்கட்டு வீடுகளிலிருந்து ஒருவர் அழுத்தும்வரை மேல்வரிசைக்குப் போன் போகாமல் ஜுமானா பிடித்து வைத்திருப்பாள். அந்தச் சின்ன வேலையைப் பெரிய கம்பெனிக்காரர்கள் முதல் மாதமே எடுத்துவிட்டார்கள், இயந்திரமே கணக்கிட்டுக்கொள்ளுமாம். போன செவ்வாய் கீழே வந்த உடனே மேலேயும் போன் அடித்துவிட்டது, உம்மு ஷாஹிர் மோட்டாரைப் போட்டுவிட்டாள், வெறும் குழாயில் ஓடி ஓடி உள்ளே கம்பிச் சுருள் கருகிவிட்டது. சரிபண்ண ஆள் வருவதற்குள் தண்ணீர் வந்து நின்றும் போயிற்று. ஷாஹிரின் மனைவி ஞாயிற்றுக்கிழமைதான் பச்சைக் குழந்தையோடு வீடு வந்தாள், தொட்டியில் சொட்டு இல்லை, எங்கள் தொட்டியில் இருந்து வாளி வாளியாகக் கொடுத்து எங்களுடையதும் அடி தட்டிவிட்டது. மோட்டார் நேற்றுத்தான் வந்தது. உம்மு ஷாஹிர் உன்னைத் திட்டவில்லை மகனே, திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், உன் புள்ள இங்க இருந்தா இப்படி நடக்குமா உம்மு சனத் என்று கேட்டாள், உம்மா சொல்கிறாள்.

போன வாரம் எல்லோர் போனிலும் ஓர் அறிவிப்பு வந்தது. இம்மாதம் முப்பதாம் தேதியோடு ‘வந்தாச்சு’ நிறுத்தப்படுகிறது, எங்கள் பயணத்தில் உடன் வந்ததற்கு நன்றி என்று. அதை நான் படித்துக் காட்டியதும் உம்மு ஷாஹிர், நாம எங்கடி பயணம் போனோம், வாளியோட வாசல்லதானே நின்னோம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், உம்மா சிரிக்கவில்லை. விற்ற அன்று மொட்டை மாடியில் தெருவுக்கே குனாஃபா இனிப்பு கொடுத்து, எதுவும் மாறாதும்மா, இன்னும் பெருசாகும், அவ்வளவுதான் என்று நீ சொன்னது அவள் காதிலேயே இருக்கிறது. நீ பொய் சொல்லவில்லை, உன்னிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்கிறாள். அவங்களுக்கு வேண்டியது இதுல வேல பாத்த நாங்க அஞ்சு பேர்தாம்மா, இது இல்ல என்று போன தடவை வீடியோவில் சொன்னாயே, அன்று உன் முகம் பரீட்சையில் தோற்ற வருடத்து முகம் மாதிரி இருந்ததாம். அவர்களுடைய நாட்காட்டியில் நினைவூட்டல் மணி செய்கிற வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா, உண்மையைச் சொல், சாப்பிடுகிறாயா, இல்லை ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுக்கிறாயா.

இப்போது அந்தத் தாள். எனக்குப் பதினேழு வயது என்பதால் உம்மாவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். இரண்டு தடவை அவளுக்குப் படித்துச் சொன்னேன். ‘வந்தாச்சு’வை மூடிவிடுவார்கள், ஆனால் என் குரல் அவர்களுடையதாகவே இருக்கும், நாளைக்கு யார் வீட்டு அடுப்படியிலோ முட்டை வெந்துவிட்டது என்று அது சொல்லும். நான் மட்டும் அந்தக் குரலில் தண்ணீர் வந்த செய்தியை வேறு எந்த வழியிலும் யாருக்கும் அறிவிக்கக் கூடாது. கையெழுத்து இல்லாவிட்டால் அங்கே உனக்கு மதிப்புக் குறையும், மேலாளர் இரண்டு தடவை கேட்டுவிட்டார் என்கிறாய். உம்மா, அவன் என் புள்ள, நீயும் என் புள்ள, நான் எந்தக் கையை நீட்டுவேன், குரல் உன்னுது, நீயே சொல்லு என்றாள். நான் தாளைத் தேநீர்க் குவளைக்கு அடியில் தள்ளிவைத்தேன், அங்கேயே இருக்கிறது.

சரி, முடிக்கச் சொல்கிறாள். அல்லாஹ் உன்னை எந்தக் கண்ணும் படாமல் காக்கட்டும், உன் கால் படும் இடமெல்லாம் உனக்கு நல்லதாகவே அமையட்டும், தோற்றாலும் இந்த வீட்டுக் கதவு உனக்குச் சாத்தியிருக்காது என்று எழுதச் சொல்கிறாள். வெளியே போகும்போது காதை மூடிக்கொள். மாமா மகன் நிச்சயத்துக்கு ஒரு வாழ்த்தாவது அனுப்பு, மறந்துவிடாதே.

உன் உம்மா
(இடது கைப் பெருவிரல் ரேகை)

அண்ணா, ரேகை காய்வதற்குள் இன்னும் கொஞ்சம். இன்று பதினோரு மணிக்கே போன் அடித்து வந்தாச்சு என்றது, குழாயில் காற்றுதான் வந்தது. போன வாரம் பட்டதால் படிக்கட்டில் ஒருவர்கூட நம்பவில்லை, நம் வீட்டைத் தவிர எல்லோரும் வால்வை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். இதோ இப்போது நம் மீட்டர் சீறிக்கொண்டு சுற்றுகிறது, உண்மையான தண்ணீர். ஏற்கெனவே சொல்லிவிட்ட கணக்கில் போன் சும்மா கிடக்கிறது. உம்மாவுக்குப் படியேற மூச்சு வாங்குகிறது, அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எதிரே உம்மு ஷாஹிர் வீட்டு ஜன்னல் சாத்தியிருக்கிறது, உள்ளே குழந்தை அழுகிறது.

ஜன்னலைத் திறந்தேன். எச்சில் விழுங்கி மூச்சு இழுத்தேன். உம்மு ஷாஹிர், தண்ணி வந்தாச்சு, தொட்டியத் தொறங்க என்று படிக்கட்டின் உச்சிவரை கேட்கும்படி கத்தினேன். பிறகு வந்து தாளைக் குவளைக்கு அடியிலிருந்து உருவி, கையெழுத்தில்லாமல், அப்படியே இந்த உறைக்குள் வைத்தேன்.