வெள்ளிக்கிழமை பிரித்த கவர்

பல்கலைக்கழகப் பதிவறையில் பழைய விண்ணப்பங்களைக் கழித்துக்கொண்டிருக்கிறோம். இன்று காலை ஒரு கட்டை அவிழ்த்தபோது, ஒரு கவரின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. யார் வீட்டு அம்மாவோ. உன் ஞாபகம் வந்து, அதற்கப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். நீ தாவரவியல் படித்தவன். நெற்பயிர் நோய் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளர் இடத்துக்குப் போட்டாய். நான் இங்கேயே அலுவலகத்தில் தட்டச்சர் இடத்துக்கு. மஸ்கட்டில் உன் மாமா விசாவோடு காத்திருந்தார். "சிமென்ட் கடையில நிக்கணுமாம். இது கெடைச்சா நான் போகலடா" என்றாய்.

விண்ணப்பத்தோடு சொந்த விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய கவர் ஒன்று வைக்க வேண்டும். இன்டர்வியூ கடிதம் அதில்தான் வரும். பாபநாசத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, கையெழுத்து அழகு என்று இரண்டு கவரிலும் விலாசம் எழுதியது நீ. உள்ளே வைத்து ஒட்டியது நான். மாற்றி வைத்துவிட்டேன்.

அதனால் உனக்கு வந்த அழைப்பு என் பெயரில், எங்கள் வீட்டுக்கு வந்தது. வியாழக்கிழமை மாலை நான் வீட்டுக்குப் போனபோது, அம்மா அதற்கு மஞ்சள் தடவி சாமி படத்தின் முன் வைத்திருந்தார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. குளிச்சிட்டுப் பிரிச்சுக்க" என்றார். எனக்கும் அந்த அதிர்ஷ்டம் வேண்டியிருந்தது. விட்டுவிட்டேன்.

காலையில் குளித்து, விபூதி பூசிக்கொண்டு பிரித்தால் உள்ளே உன் பெயர். இன்டர்வியூ அன்றைக்கே, பத்து மணிக்கு. சைக்கிளை மிதித்து உன் ஊர் வலங்கைமானுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை. இருவரும் பஸ் மாறி மாறித் தஞ்சாவூர் போய் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

திரும்பும் வழியில் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நேத்தே பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போயிருக்காரு போஸ்ட்மேன். காலையிலதான்டா என் கைக்கு வந்துச்சு" என்றேன். நீ நம்பினாய். "கவரக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியல, ஒன்னப் போயி ஆபீஸ்ல எடுக்கப் போறாங்களாம்" என்று கிண்டல்கூடச் செய்தாய்.

இரண்டு வாரம் கழித்து என் அழைப்பு உன் வீட்டுக்கு வந்தது. நாற்றங்கால் சேறு காயாத காலோடு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாய். எனக்கு வேலை கிடைத்தது. நீ மஸ்கட் போனாய்.

என் மேசையில் எந்த அழைப்புக் கடிதமும் ஒரு ராத்திரி தங்கியதில்லை. இப்போது எல்லாம் மெயிலில் போகிறது. அதையும் அன்றைக்கே அனுப்பச் சொல்லி செக்‌ஷனில் எல்லோர் உயிரையும் வாங்குகிறேன். அந்த ஒரு ராத்திரியைப் பற்றி மட்டும் உன்னிடம் சொல்லவே இல்லை. நீ லீவில் வந்தபோதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது.

போன மாதம் நீ இறந்த துக்கம் கேட்க நான் உன் வீட்டுக்கு வந்தபோது உன் மனைவி சொன்னார்: "'லெட்டர் கைக்கு வந்த நிமிசமே சைக்கிள எடுத்துக்கிட்டு ஓடியாந்தவன்'னு உங்களப் பத்தி சொல்லிக்கிட்டே இருப்பாருண்ணே."

நான் "ஆமாம்மா" என்றேன்.