மூணாவது ரீடிங்

அன்பு மகள் ரூத்துக்கு அப்பா எழுதுவது. அந்தக் குளிர்லயும் கர்த்தர் உன்னை சுகமா வச்சிருக்கணும்னு ஜெபிக்கிறேன். இங்க எல்லாரும் சுகம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரலை. அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியலை.

ஞாயித்துக்கிழமை வீடியோவுல அம்மா முக்காடு போட்டுகினு ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்தாளே, முகம் மஞ்சளா இருக்கிறது உனக்குத் தெரியக் கூடாதுன்னு அவளே பண்ண ஏற்பாடு அது. தை மாசக் கடைசியில மீன் கழுவிகினு இருந்தவ, கண்ணு மஞ்சளா கீது பாருங்கன்னா. புதுப்பட்டினம் லேப்ல ரத்தம் குடுத்தோம், மஞ்சகாமாலை அளவு எக்கச்சக்கமா வந்துச்சு. நான் இன்னா பண்ணேன் தெரியுமா, முப்பத்தோரு வருஷம் கல்பாக்கம் அணுமின் நிலையத்துல மீட்டர் சரிபார்த்த புத்தி, ஒரே ரீடிங்கை வச்சு அலாரம் அடிக்கக் கூடாதுன்னு சொல்லி லேப்காரன் மெஷினை சந்தேகப்பட்டேன். மூணு வாரம் கழிச்சு செங்கல்பட்டுல இன்னொண்ணு, அது கொஞ்சம் கம்மியா வந்ததும் பாத்தியா நான் சொல்லலையான்னு அவகிட்ட ஜம்பம் பேசினேன். கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேன். மூணாவது ரீடிங்குக்கு ஈஸ்டரே தாண்டிப் போச்சு. அது முதல் அளவையும் தாண்டி ஏறி நின்னுச்சு, அப்புறம் ஸ்கேன் பாத்த டாக்டரம்மா கணையத்துல கட்டி, ஈரலுக்குப் பரவிடுச்சு, ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா ஆபரேஷன் பண்ணியிருக்கலாம்னாங்க. உன் தம்பி பூபாலன் அன்னியிலேர்ந்து என்கிட்ட பேசறதில்ல, சோறு மட்டும் போட்டு வைக்கிறான். அவன் கோபம் நியாயம்தான்.

உன்கிட்ட சொல்லலாம்னா அம்மா விடலை. எம்பொண்ணு நட்சத்திர லிஸ்ட் முடியட்டும், இப்ப சொல்லி பேஜாரு பண்ணாதீங்கன்னு என் கையப் புடிச்சு சத்தியம் வாங்கிட்டா. உன் வேலையப் பத்தி அவ சொல்றதைக் கேட்டா உனக்கே சிரிப்பு வரும். பூமி சூரியனைச் சுத்துற பாதைக்கு நேர் மேலயும் நேர் கீழயும் ஒரு வானம் கீது, சூரியன் அந்தப் பக்கமே வராது, அங்க நம்ம கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட்டுல பளிச்சுனு எரியிற நட்சத்திரத்தை எம்பொண்ணு தேடுறா, மேல சுத்துற டெலஸ்கோப்பு வருஷம் முச்சூடும் அதைப் பாத்துத்தான் தன்னைச் சரி பண்ணிக்கும்னு ஒரு வார்த்தை பிசகாம சொல்லுவா. நீ காட்டிக் குடுத்த மாதிரி டிவி ரிமோட்டை போன் கேமரா முன்னாடி அமுக்கி அந்த வெளிச்சத்தையும் காட்டுவா. நேத்து வீட்டுக்கு ஊசி போட வந்த நர்ஸுக்குக் காட்டினா. பட்டனை அமுக்க விரல்ல பலம் இல்ல, நான்தான் அமுக்கினேன்.

ஒரு நட்சத்திரத்தை மாசக்கணக்குல திரும்பத் திரும்ப அளந்து, வெளிச்சம் ஏறி இறங்கலைன்னு தெரிஞ்சாத்தான் லிஸ்டுல சேர்ப்பேன்னு நீ சொன்னப்போ, என் புத்தி உனக்கும் வந்திருக்குன்னு பெருமைப்பட்டேன். இப்போ அந்தப் புத்தியை நினைச்சாத்தான் பயமா இருக்கு. போன் போட்டு அம்மாகிட்ட கேக்காத, நல்லாத்தான் கீறேன்னுவா. பூபாலனைக் கேட்டு, டாக்டரம்மாவைக் கேட்டு உறுதி பண்ணிகினு நாளைக் கடத்தாத. அந்த நட்சத்திரங்க எந்த மாசம் போனாலும் அங்கதான் இருக்கும். அம்மாவுக்கு மூணு வாரம்தான் சொல்லியிருக்காங்க.

சத்தியத்தை மீறிட்டேன், கர்த்தர் மன்னிக்கட்டும். நீயும் மன்னின்னு கேக்க எனக்கு வாய் இல்ல. இதை நானே போட்டோ எடுத்து உன் நம்பருக்கு அனுப்புறேன். வழியெல்லாம் தேவன் உனக்குத் துணையா இருக்கட்டும். பாஸ்போர்ட்டை மறக்காத, துணிமணி எல்லாம் இங்க இருக்கு. இது ஒரே ரீடிங்தான் பாப்பா. இதை நம்பிக் கிளம்பு.

இப்படிக்கு,
உன் அப்பா ஏசுபாதம்,
புதுப்பட்டினம்.