வாயில்லாப் பூச்சி தின்ற கல்

ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். போனில் பேசுகிற விஷயத்துக்குக் காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ ஆரம்பித்தால் என் வாயில் "ம்" தவிர வேறு எதுவும் வராது. இது "ம்" சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை.

அண்ணிக்கு முதுகுவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா?

நேற்று ஆய்வுக்கூடத்துக்கு எனக்கு ஒரு தபால் வந்தது. என் பெயருக்குக் கீழே "நுண்ணுயிரியல் நிபுணர்" என்று போட்டிருந்தது. யாருடையதையோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து மேலதிகாரி அம்மாவின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவர்தான் கூப்பிட்டு, "இது உனக்குத்தாம்மா. நீ எப்போ நிபுணர் ஆனே, எங்ககிட்ட சொல்லவே இல்லையே?" என்றார். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பிரித்துப் பார்த்தேன். நீ முகப்புக்குக் கல் பதித்துக் கொடுத்த ஆஸ்பத்திரியின் கட்டடக் குழு, இருபதாம் தேதி விசாரணைக்கு என்னை அழைத்திருக்கிறது. கூடவே நீ எழுதிக் கொடுத்த விளக்கத்தின் நகல்.

"முகப்புக் கல்லை நுண்ணுயிரிகள் பின்புறமிருந்து தின்றுவிட்டதால் அது தானாகக் கழன்று விழுந்தது. இது இயற்கையின் செயல். எனது தங்கை, நுண்ணுயிரியல் நிபுணர், இதை உறுதி செய்துள்ளார்."

நான் எப்போது உறுதி செய்தேன் அண்ணா?

கல் விழுந்ததே இதைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். அது நம் சித்தாள் அக்கா மேல் விழுந்தது என்பதும் இதைப் படித்துத்தான் தெரியும். வாசலில் உடைந்த சாக்கடை மூடிக்குக் கலவை போட்டுக்கொண்டிருந்தார்களாம். ஆறு வாரம் ஆகிவிட்டது. வாரம் தவறாமல் போன் செய்கிறாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

யோசித்து யோசித்து எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கல்லூரியில் சேர்ந்த வருடம் சாப்பிடும்போது அண்ணி, "நீ என்னதான் படிக்கிறே?" என்று கேட்டார்கள். வீட்டில் யாருக்கும் புரிகிற மாதிரி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. "கல்லு மேல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்கு அண்ணி. அதுங்க கல்லைத் தின்னும்" என்றேன். நீ புரையேறும் அளவுக்குச் சிரித்தாய். "நம்ம வாயில்லாப் பூச்சி போய் இன்னொரு வாயில்லாப் பூச்சியைப் படிக்குதுடா!" அன்றிலிருந்துதான் எனக்குப் பூச்சி என்று பெயர். நானும் சிரித்தேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் இப்போது குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

முதலில் ஒன்று செய். அந்த முகப்பில் மற்ற கற்கள் அப்படியே இருக்கின்றன. கீழே நோயாளிகள் வரிசையில் நிற்கிற வாசல். இன்றைக்கே அதை அடைத்துவிடு. பிறகு நடந்ததை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் தங்கை

ஜூன் 8

அன்புத் தங்கச்சி பூச்சிக்கு,

அண்ணன் எழுதுறது. எல்லாரும் நலம். பத்து தடவை போன் போட்டேன், நீ எடுக்கல. சரி, நீ காகிதத்துல வந்தா நானும் காகிதத்துல வர்றேன். ஒன்பதாவதோட நின்னவன் எழுத்து. தப்பு இருந்தா சிவப்பு மையில சுழிச்சுத் திருப்பி அனுப்பிடாதே.

வாசலை அடைச்சாச்சு. கயிறு கட்டி, பலகை வச்சு, பக்கத்து வாசல் வழியா விடுறாங்க. அந்தக் கவலை வேண்டாம். சித்தாளுக்கு வலது தோள்ல அடி. ஆபரேஷன் ஆச்சு, பொழைச்சுக்கும். உன்கிட்ட ஏன் சொல்லலன்னா, நீ எறும்பை மிதிச்சாலே மூணு நாள் சாப்பிடாத ஆளு.

இப்ப விஷயத்துக்கு வா. நான் எழுதினதுல என்ன பொய்? கல்லைத் தின்னும்னு நீதான் சொன்னே. உன் படிப்பு புத்தகத்துலயும் அப்படித்தானே இருக்கு? விழுந்த கல்லுல ஒரு துண்டை இதோட அனுப்பியிருக்கேன். பச்சையா வழவழன்னு படிஞ்சிருக்கு பாரு. அது உன் பூச்சிதானே? தின்னுச்சா இல்லையா, நீயே உன் மிஷின்ல வச்சுப் பார்த்துக்கோ.

இருபதாம் தேதி வந்து "ஆமாங்க"ன்னு ஒரே ஒரு வார்த்தை. அதுக்கு மேல உன்னை யாரும் பேசச் சொல்லல. உனக்குப் பேச வராதுன்னு எனக்குத் தெரியாதா? உன்னைப் பெண் கேட்டு வந்தவங்களை விரட்டிட்டு, அவ படிக்கட்டும்னு அம்மாவோட சண்டை போட்டவன் நான். அதைச் சொல்லிக் காட்டல. ஞாபகப்படுத்தறேன், அவ்வளவுதான்.

இதுல யாருக்கும் நஷ்டம் இல்ல பூச்சி. பழி பூச்சி மேல போகுது. அது வந்து கோர்ட்ல கேஸ் போடப் போகுதா?

அம்மா உனக்குப் புது ஸ்வெட்டர் பின்றாங்க. கை ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. போட்டுக்கோ, சொல்லிக் காட்டாதே.

இப்படிக்கு,
அண்ணன்

ஜூன் 12

அண்ணாவுக்கு,

நீ அனுப்பிய கல்லைப் பார்த்துவிட்டேன். பார்க்கச் சொன்னது நீ. அதனால் கடைசி வரை படி.

வெளிப்பக்கத்தில் இருக்கும் பச்சை உயிர்தான். அது ஒரு பூச்சி இல்லை, ஒரு ஊர். பாசி, பாக்டீரியா, பூஞ்சை எல்லாம் ஒரே கொழகொழப்புக்குள் சேர்ந்து குடியிருக்கின்றன. மழை போன பிறகும் அந்தக் கொழகொழப்பு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அவற்றுக்கு இரும்பு வேண்டும், பாஸ்பரஸ் வேண்டும். அது கல்லுக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதனால் துளித்துளியாக அமிலத்தைக் கசியவிட்டு, கல்லின் தாதுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்கின்றன. பூஞ்சையின் இழைகள் கல்லின் மணிகளுக்கு நடுவே நுழையும். நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அப்படி ஊதிச் சுருங்கி ஊதிச் சுருங்கி ஒரு நாள் ஒரு மணி உதிரும். உதிர்ந்தது மண்ணாகும். நாம் சாப்பிடுகிற எதுவும் முளைப்பதற்கு மண் வேண்டுமே, அதை உண்டாக்குவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. தின்பது என்று நான் சொன்னது தப்பு. வாயே இல்லாதது எப்படித் தின்னும்? உங்களுக்குப் புரிய வேண்டும் என்று சொன்னேன். சுலபமாகச் சொன்னதற்கு இப்போது அனுபவிக்கிறேன்.

உன் கல்லில் அவை என்ன செய்திருக்கின்றன, தெரியுமா? கறுப்பு அபிரகப் பொட்டுகளின் ஓரம் லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. அவ்வளவுதான். ஆழம் ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. இது கருங்கல். ஒரு நகத்தின் கனம் கரைய எத்தனையோ தலைமுறை ஆகும். நீ பதித்து மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடத்தில் ஒரு கல்பலகையைச் சுவரிலிருந்து கழற்றினால் அது பூச்சி இல்லை அண்ணா, கடப்பாரை.

பிறகு பின்பக்கத்தைத் திருப்பினேன். அதைத் துடைத்து அனுப்பக்கூட உனக்குத் தோன்றவில்லை. பசை உள்ளங்கை அளவுக்கு ஓரிடத்தில் அப்பியிருக்கிறது. சுற்றிலும் வெறும் கல். ஓரத்தில், கல்லைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் ஸ்டீல் பின்னைச் செருகுவதற்காகப் போட்ட துளை. அதற்குள் டிரில் போட்ட அன்று விழுந்த தூள் அப்படியே கட்டியாக இருந்தது. ஊசியால் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு துகளின் விளிம்பும் உடைந்த பாட்டில் மாதிரி கூராக இருக்கிறது. எந்த உயிரும் அதைத் தொடவில்லை. எந்தப் பின்னும் அதைத் தொடவில்லை. ஒரு பின் உள்ளே போயிருந்தால் அந்தத் தூள் நசுங்கியிருக்கும்.

நம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நீல டப்பாக்கள் அடுக்கியிருக்கிறதே, ஸ்டீல் பின்கள். போன விடுமுறையில், "இது என்னண்ணா?" என்று கேட்டேன். "வேலை முடிஞ்சு மிச்சம்" என்றாய். அம்மா அதில் ஒன்றை எடுத்துச் சமையலறை ஜன்னல் கொக்கிக்குப் பதிலாகச் செருகியிருக்கிறாள். மிச்சம் இல்லை. மொத்தமும் அங்கேதான் இருக்கிறது.

நேற்று சித்தாள் அக்காவின் மகளுக்குப் போன் செய்தேன். நானாகப் போன் செய்தேன், நம்பு. தோளில் தகடு வைத்து எட்டு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்களாம். கையை இடுப்புக்கு மேல் தூக்க முடியவில்லையாம். கல்லில் போட வேண்டியதை நீ போடவில்லை, ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த அக்காவின் எலும்பில் போட்டிருக்கிறார்கள். "இயற்கையின் செயல்"னு எழுதிக் குடுத்திருக்காங்களாமே, அப்படின்னா என்னக்கா என்று அந்தப் பெண் கேட்டாள்.

நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் படிப்பு வீட்டுக்கு முதல் தடவையாக உபயோகப்பட்டது இதற்குத்தான். ஒரு பொய்க்குக் கீழே என் பெயர்.

"ஆமாங்க" சொல்ல மாட்டேன்.

உன் தங்கை

ஜூன் 15

தங்கச்சிக்கு,

பெரிய ஆள் ஆயிட்டே. சந்தோஷம்.

நீல டப்பாவா? எந்த டப்பா? நம்ம வீட்டுல அப்படி ஒண்ணும் கிடையாது. வேணும்னா வந்து தேடிப் பாரு.

ஏசி ரூம்ல உட்கார்ந்து தூளை ஊசியால குத்திப் பார்க்கிறவளுக்கு என்ன தெரியும்? திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சிட்டு, நாலு நாள்ல முகப்பு முடியணும்னு ஆஸ்பத்திரிக்காரன் தலை மேல நின்னான். பின் வச்சுப் பதிச்சா பன்னெண்டு நாள். சாரத்துல நீயா நின்னே? வேலையை வேற ஆளுக்குக் கொடுத்திருந்தா முப்பது பேரு வீட்டுல உட்கார்ந்திருப்பான். பசையே போதும்னு கடைக்காரன் சொன்னான், நம்பினேன். ஊருல நான் ஒருத்தன்தான் பண்ணேனா?

சரி, பூச்சி வேண்டாம். உனக்கு உன் பூச்சி மேல அவ்வளவு பாசம்னா அதை விட்டுடலாம். அந்தக் கல்லைப் பதிச்ச நம்ம கொத்தனார் சொல்றாரு, "நான்தான் பின் போட மறந்துட்டேன்னு சொல்லிடறேன் தம்பி, நீங்க நல்லா இருந்தா எனக்கு வேலை கொடுப்பீங்க"ன்னு. அவரா சொன்னது, நான் கேட்கல. அந்த மனுஷனுக்கு இருக்கிற விசுவாசம் கூடப் பிறந்தவளுக்கு இல்ல.

நீ இருபதாம் தேதி வரவேண்டாம். உடம்பு சரியில்லைன்னு ஒரு கடுதாசி போட்டுடு. உனக்குக் கடுதாசி எழுதத்தான் நல்லா வருதே.

உன்னைப் படிக்க வச்சது தப்புன்னு அம்மா சொல்றாங்க. நான் இன்னும் சொல்லல.

அண்ணன்

ஜூன் 18

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மதியம் வேலை செய்ய முடியவில்லை. சுரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். "வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கூடத்தில் கேட்டார்கள். இல்லை என்றேன்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான், "சமையக்கட்டு ஜன்னல் டமால் டமால்னு அடிச்சுக்குதுடி. உங்க அண்ணன் வந்து அந்தக் கம்பியையும் பிடுங்கிட்டுப் போயிட்டான், எதுக்குன்னே தெரியல" என்றாள். டப்பாக்களை எடுத்தது எனக்குப் புரிகிறது. அம்மாவின் ஜன்னலில் இருந்த அந்த ஒன்றைப் பிடுங்கினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் பார்த்துக்கொண்டு நின்றாளா? அவளிடம் என்ன சொன்னாய்? என்னைப் படிக்க வைத்தது தப்பு என்று அம்மா சொன்னாளா என்றும் கேட்டேன். "நான் எதுக்குடி அப்படிச் சொல்றேன்?" என்று அழுதாள். அம்மா பெயரிலும் நீதான் எழுதிக் கொடுக்கிறாய்.

கொத்தனாரைப் பற்றி எழுதியிருந்தாய். அவராகத்தான் சொன்னார் என்கிறாய். இருக்கலாம். இருபது வருடமாக உன் முகத்தைப் பார்த்தே உனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறவர், நீ கேட்கவா வேண்டும்? அவர் பின் போட மறந்தார் என்று எழுதிவிட்டால் இனி எவன் அவரைச் சாரத்தில் ஏற்றுவான்? முதலில் கண்ணுக்குத் தெரியாதவற்றின் மேல் பழி போட்டாய். அது நிற்கவில்லை என்றதும், எதிர்த்துப் பேசாத மனுஷன் யார் என்று தேடிப் பிடித்திருக்கிறாய். என் பெயரையும் அப்படித்தான் எடுத்தாய். இவள் எங்கே பேசப் போகிறாள் என்று.

எனக்குப் பயமாக இல்லை என்று நினைக்காதே. குழுவின் செயலாளருக்கு, வருகிறேன் என்று சொல்ல மூன்று தடவை போன் செய்து மூன்று தடவையும் வைத்துவிட்டேன். நான்காவது தடவை சொன்னேன். அந்தக் கூடத்தில் என்ன பேசுவது என்று எழுதி விடுதியின் துணி துவைக்கும் இடத்தில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். இரண்டாவது வரியிலேயே குரல் போய்விடுகிறது. போனாலும் போகட்டும். கல்லின் பின்பக்கத்தையும் துளையிலிருந்த தூளையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். என்னால் முடியாவிட்டால் அதை நீட்டுவேன்.

உன் பதினைந்தாம் தேதிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. நாலு நாள், பன்னிரண்டு நாள் எல்லாம் அதில் உன் கையெழுத்திலேயே இருக்கிறது. அதை நான் காட்ட மாட்டேன். அது அண்ணன் தங்கைக்கு எழுதியது. நான் கல்லைப் பற்றி மட்டும் பேசுவேன். கல்லில் இருப்பதே போதும்.

நீ அம்மாவோடு சண்டை போட்டு என்னைப் படிக்க வைத்ததை நான் மறக்கவில்லை. அதை நீ ஞாபகப்படுத்தும் ஒவ்வொரு தடவையும் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது. பெண் கேட்டு வந்தவர்களை அன்றைக்கு விரட்டிய அண்ணன் ஒருவன் இருந்தானே, அவனை எங்கே வைத்திருக்கிறாய்? இரண்டு வாரமாக உன் மேல் எனக்குக் கோபம் தவிர வேறு எதுவும் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போதுகூட உன்னோடு சண்டை போடுகிறேன். வாயில் நுரையோடு நான் சொல்வதையெல்லாம் நீ கேட்டால் பூச்சி என்று இனிமேல் கூப்பிட மாட்டாய்.

ஆனாலும் இவ்வளவு எழுதியது திட்டுவதற்காக இல்லை. ஒன்று கேட்பதற்காக. முதல் கடிதத்திலேயே கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும். நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு ஆரம்பிப்பார்கள். நிபுணர் என்பதால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்களாம். நீயும் சித்தாள் அக்காவும் கொத்தனாரும் அங்கே உட்கார்ந்திருப்பீர்கள். என் பெயரைச் சொன்னதும் நான் உடனே எழுந்துவிட மாட்டேன். பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைப்பேன், துப்பட்டாவைச் சரி செய்வேன். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு எப்போதும் கொஞ்ச நேரம் ஆகும்.

அதற்குள் நீயே எழுந்து சொல்லிவிடு அண்ணா.

தங்கை