கொறற்றி எழுதவேண்டிய ஒரு வரி

எர்லாங்கன்,
11.11.2024

அன்புள்ள கொறற்றிக்கு,

உன்மேல் முறைப்பாடு கொடுத்தது நான்தான். நீ கடிதத்தைக் கிழித்தாலும் முதல் வரியை வாசித்துவிட்டுத்தான் கிழிப்பாய் என்று தெரிந்து, அதை முதலிலேயே எழுதிவிட்டேன். ஏன் கொடுத்தாய் என்று கேட்டால் இன்னும் வெட்கம். தொடர்ந்து ஒன்பது ஆட்டம் உன்னிடம் தோற்றேன். ஐம்பத்துநாலு வயதில், பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் நாள் முழுக்கக் கோப்பை கழுவுகிற ஒரு பொம்பிளை, செஸ்ஸில் தோற்ற ஆத்திரத்தில் கூட்டாளியைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். எழுதிவிட்டுப் பார்க்க எனக்கே சிரிப்பு வருகிறது. நீ சிரிக்காதே. வடிவாய் ஏசு.

ஆனால் என் பக்கத்தையும் கேள். அகதிகளைத் தங்கவைத்த ஹைமில் அந்தப் பொஸ்னியாக்காரி, ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமலே, குதிரை எப்படிப் பாயும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் காட்டித் தந்த நாளில் இருந்து உன் ஆட்டம் எனக்குத் தெரியும். நீ யோசிக்க முன்னம் உன் கை போய்விடும். ராணியைக் கொண்டுவந்து என் சிப்பாய்க்கு முன்னால் வைத்துவிட்டு, "ஐயோ மாதாவே" என்பாய். அந்த மாதா எனக்கு எத்தனை ராணி வாங்கித் தந்தவ! நீ கலியாணம் கட்டி நோர்வேக்குப் போன பிறகும், பிறகு போனில் 'அறுபத்துநாலு கட்டம்' என்ற இந்தத் தமிழ் செஸ் தளத்தில் சேர்ந்த பிறகும், உன் கை திருந்தவில்லை. அப்படிப்பட்டவள் இந்த வருசம் பங்குனிக்குப் பிறகு ஒரு சிப்பாயைக்கூடச் சும்மா தரவில்லை என்றால் நான் என்ன நினைப்பது? இது கொறற்றி இல்லை, கொம்ப்யூட்டர் என்று நினைத்தேன். முறைப்பாட்டுப் பொத்தானை அமத்தி, "இது அவ இல்லை" என்று எழுதினேன். தளத்தில் இருந்து உன்னிடம் விசாரிப்பார்கள், நீ எனக்கு அடிக்க வருவாய், நல்ல பகிடியாய் இருக்கும் என்றுதான் எண்ணம்.

அவர்கள் விசாரிக்கவில்லை. உன் ஆட்டம் உன் மனுசன் ஞானசுந்தரம் அண்ணையின் போனில் இருந்து வருவதைக் கண்டார்கள். ஒரு கணக்கில் ஒரு ஆள்தான் ஆடலாம் என்ற விதியைக் காட்டி, ஓகஸ்ட் கடைசியில் உன் கணக்கை மூடிவிட்டார்கள். அதோடு பலகைக்குப் பக்கத்தில் நாங்கள் கதைக்கிற சின்னப் பெட்டியும் மூடிப்போனது. ஒன்பது வருசக் கதை, கொறற்றி. உன் மகள் நோர்வேப் பெடியனைக் கூட்டிவந்து குசினியில் நிறுத்தினது, எனக்குக் கருப்பை எடுத்தது, பேர்கனில் பதினெட்டு நாள் விடாமல் பெய்த மழை, நீ மீன்குழம்புக்கு அப்பிள் போட்டுக் கெடுத்தது, எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று காய் நகர்த்துவோம். கதை மட்டும் ஒரு நாளைக்கு முப்பது தரம்.

நீ போன் எடுக்கவில்லை. கோபம் என்று நினைத்தேன். ஏழாம் தரம் அடித்தபோது அண்ணை எடுத்தார். "தங்கச்சி, உமக்குச் சொல்ல வேண்டாமெண்டவ, ஆனா இனி மறைக்க ஏலாது. மாசியிலை அவவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்திட்டுது. கதை விளங்கும், கைதான் எழும்பாது" என்றார். பிறகு அவர்தான் செஸ் கதையையும் சொன்னார்: "காயை அவதான் சொல்லுவா, நான் அமத்துவன். 'வடிவா யோசிச்சனீரோ' எண்டு ஒருக்கால் கேட்டிட்டுத்தான் அமத்துவன்."

அந்த ஒரு கேள்விதானாடி! முப்பது வருசமாய் உன்னை ஒருவரும் அதைக் கேட்கவில்லை. ஹைமிலேயே நான் கேட்டிருப்பேன், கேட்டிருந்தால் எனக்கு ராணிகள் கிடைத்திருக்காது.

எனக்குச் சொல்லாமல் விட்டதற்கு உன்னோடு தனியாகச் சண்டை இருக்கிறது. மாசியில் இருந்து ஆவணி வரைக்கும் பெட்டிக்குள் நீ "ஓம், சுகம், இங்கை குளிர்" என்று அண்ணையின் விரலால் எழுதினாய். நானும் மடைச்சி, நீ கதை குறைத்தது என்னை வெல்வதில் கவனமாய் இருப்பதால் என்று நினைத்தேன்.

இனித் தளத்துக் கதை. அதை நடத்துகிறவர் லைப்சிக்கில் இருக்கிற சுகிர்தன் என்கிற தம்பி, சம்பளம் இல்லாத வேலை. ஒக்டோபரில் அவர் ஒரு அறிவித்தல் போட்டார். தளத்தின் மன்றத்தையும் விதிகளையும் எப்படித் திருத்தலாம், உறுப்பினர்கள் எழுதுங்கோ என்று. எழுதினார்கள் பார்! ஒருவருக்குப் பலகை கறுப்பாய் வேண்டுமாம், ஒருவருக்குப் பச்சையாம். லண்டனில் இருந்து ஒரு ஐயா, செஸ் தவிர வேறு கதை கதைக்கிறவர்களை எச்சரிக்க வேண்டும் என்றார். அவரே அதற்குக் கீழே தன் முழங்கால் ஒப்பரேசனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்.

நான் மன்றத்தில் அதுவரை ஒரு சொல்லும் எழுதினதில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு அங்கே என்ன வேலை என்று வாசிக்கிறதோடு சரி. தேனுஜா, "அம்மா, நீங்கள் சொல்லுங்கோ, நான் பிழையில்லாமல் எழுதித் தாறன்" என்றாள். வேண்டாம், பிழை செய்தவள் பிழையோடுதான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒரு ஞாயிறு முழுக்க ஒரு விரலால் குத்தினேன். ஒரு ஆளை மூட முதல் அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கோ. முறைப்பாடு கொடுக்கிறவர் பெயர் போட்டுக் கொடுக்கட்டும், பெயர் போட வேண்டுமென்றால் என்னைப் போன்றவர்கள் ஒரு இரவு யோசிப்பார்கள். கை ஏலாதவர்களுக்கு இன்னொரு கை காயை நகர்த்தலாம் என்று விதியில் எழுதுங்கோ. ஆட்டத்தை மூடினாலும் கதையை மூடாதேயுங்கோ, கதையில் ஒருவரும் கள்ள ஆட்டம் ஆடவில்லை. இவ்வளவுதான். உன் பெயரையும் எழுதவில்லை, உன் நோயையும் எழுதவில்லை. தோற்ற ஆத்திரத்தில் ஒரு கூட்டாளியின் மேல் நான் முறைப்பாடு கொடுத்தேன் என்பதை மட்டும் என் பெயர் போட்டு எழுதினேன்.

வாங்கிக் கட்டினேன். "இப்பிடியான ஆக்களாலைதான் தளம் நாறுது" என்று ஒருவர். முழங்கால் ஐயா ஒரு நியாயம் கேட்டார்: இப்படி விதி வைத்தால் கள்ளன் எல்லாம் கை நோகுது என்று சொல்லிக்கொண்டு வருவானே? நான் எழுதினேன்: "ஐயா, கள்ளன் வருவான் எண்டு பயந்து, கை நோகிறவளை வெளியிலை விட்டுக் கதவைப் பூட்டுறதோ?" அதற்குக் கீழே நாற்பத்தொரு பேர் கை தட்டியிருந்தார்கள். அதில் ஐயாவின் கையும் ஒன்று.

முந்தநாள் சுகிர்தன் எனக்குப் போன் அடித்தார். "அக்கா, விதியை மாத்தியாச்சு. கேக்காமல் இனி ஒருத்தரையும் மூட மாட்டம். இன்னொராளின்ரை கையாலையும் ஆடலாம்" என்றார். நான் துள்ளினேன். அப்போ அவவைத் திற தம்பி என்றேன். "அதுதான் அக்கா ஏலாது. மூடின கணக்கை அந்த ஆள்தான் கேட்டுத் திறப்பிக்கவேணும். ஒரு வரி போதும். மூண்டு மாசம் முடிஞ்சா தன்ரைபாட்டிலை அழிஞ்சிடும், நவம்பர் முப்பதோடை சரி. அந்தக் கதைப் பெட்டியும் அதோடை போகும்" என்றார். நான் எழுதினால் போதாதோ, நான்தானே மூடுவித்தவள் என்று மன்றாடியும் பார்த்தேன். மூடுவித்தவர் திறக்க ஏலாதாம்.

இதை அண்ணையிடம் சொன்னேன். நீ வேண்டாம் என்று தலையை ஆட்டினாயாம். "ஏலாதவளாய் ஆருக்கும் முன்னாலை போகமாட்டன்" என்றாயாம். எடியே, யார் உன்னைப் பார்க்கப் போகிறார்கள்? அங்கே ஒருவருக்கும் முகம் இல்லை. எல்லாரும் ஒரு குதிரைப் படமோ பூப் படமோதான். உன்னுடைய படம் ஒரு இறால். ஒன்பது வருசமாய் ஒரு இறாலோடு செஸ் ஆடுகிறேன், நான் வெட்கப்பட்டேனா?

இங்கே எல்லாரும் சுகம். தேனுஜாவுக்குப் பயிற்சி முடிகிறது, தைக்குப் பிறகு பல் டொக்டரிடம் நிரந்தர வேலை. இவருக்குச் சீனி கொஞ்சம் ஏறியிருக்கிறது, கேக்கைக் கண்டால் மட்டும் கண் நன்றாய்த் தெரிகிறது. எனக்கு வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் கை தன்பாட்டில் போனை எடுக்கிறது. உன் இறாலைத் தேடுகிறேன். சாம்பல் வட்டம்தான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே போய் மூன்று தரம் இறங்குகிற இடத்தைத் தாண்டிவிட்டேன்.

ஒரு வரி, கொறற்றி. "திறவுங்கோ" என்று நீ சொல்லு, அண்ணை அமத்தட்டும். அவர் வடிவா யோசிச்சனீரோ என்று கேட்டால், ஓம் என்று சொல்லு. என்னை மன்னித்துவிட்டு எழுதவேண்டும் என்று இல்லை. எழுதிவிட்டு, உள்ளே வந்து, பெட்டிக்குள் என்னை நாறப் பேசு. நானும் ஒரு பதிலும் சொல்லாமல் முழுக்க வாசிப்பேன். உன் மாதாவும் என் பிள்ளையாரும் ஆளுக்கொரு பக்கம் நின்று உன் வலது கையைத் தூக்கிவிடட்டும். தூக்க முன்னம் நீ எழுதிவிடு, முப்பதுக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான்.

இப்படிக்கு,
உன்னிடம் ஒன்பது தரம் தோற்ற
குணேஸ்வரி

பின்குறிப்பு: பாதியில் நிற்கிற ஆட்டம் எனக்கு மனப்பாடம். அதை அப்படியே மரப்பலகையில் அடுக்கி வரவேற்பறை மேசையில் வைத்திருக்கிறேன். இப்போது நகர்த்தவேண்டியது நீ. நேற்று இவர் தூசி உறிஞ்சுகிற மெஷின் பிடித்தபோது உன் சிப்பாய் ஒன்று உள்ளே போய்விட்டது. பையை வெட்டிப் பார்த்தேன். ஒரு தோடும் இரண்டு கடலையும் கிடைத்தன, சிப்பாய் கிடைக்கவில்லை. அந்தக் கட்டத்தில் ஒரு ஏலக்காய் வைத்திருக்கிறேன். ஆட்டத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லை.